சுற்றாத மோட்டாரும் தப்பித்த லேப்டாப்பும்

உங்கள் கம்ப்யூட்டரின் கேபினெட்டில் கை வைக்கும்போது எப்போதாவது 'சுர்' என்று இருந்திருக்கிறதா? "கம்ப்யூட்டர் என்றால் லேசா ஷாக் அடிக்கத்தான் செய்யும்" என்று யாராவது உங்களுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். ஆனால் விஷயத்திற்கு ஒரு பழைய ட்ரெட்மில் மோட்டாரின் வழியாகத்தான் வரப் போகிறோம். கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

நான் பொறியியல் படித்துவிட்டு சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து இரவு வரை புரோகிராமில் பிழை தேடுவதுதான் என் பிழைப்பு. அதனால் எந்தப் பிழையையும் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு. அந்த நம்பிக்கை கடந்த பொங்கல் விடுமுறையில் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

மாமாவின் கடைசல் பட்டறை

என் தாய்மாமா அம்பாசமுத்திரத்தில் மரக் கடைசல் வேலை செய்கிறார். மரச் சொப்புச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அவருடைய கடைசல் மெஷினில் இருப்பது நிமிடத்திற்கு 1440 சுற்று சுற்றும் சாதாரண ஏ.சி. மோட்டார். அதற்கு ஒரே வேகம்தான். சொப்புச் சாமான் போன்ற சிறிய உருப்படிகளுக்கு அது போதும். ஆனால் இப்போது பெரிய மரத் தட்டு, கிண்ணம் என்று ஆர்டர் வருகிறது.

இதில் என்ன சிக்கல்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. விட்டமுள்ள கட்டை 1440 வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்திற்குச் சுமார் 113 மீட்டர் ஓடுகிறது. 250 மி.மீ. விட்டமுள்ள கட்டை அதே வேகத்தில் சுற்றினால் விளிம்பு நிமிடத்திற்கு 1130 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 68 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் கட்டை பிடியை விட்டுக் கழன்றால் என்ன ஆகும்? மாமாவுக்கு அது ஒரு முறை நடந்தேவிட்டது. கட்டை கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போனது. நல்லவேளை, அவர் தலை அந்தப் பக்கம் இல்லை.

"வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா மாப்ள?" என்று அவர் கேட்டதும் எனக்கு ட்ரெட்மில்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள்ளேயே நடக்க உதவும் அந்த மெஷினில், வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கக்கூடிய டி.சி. மோட்டார் இருக்கிறது.

பழைய இரும்புக் கடையில் கிடைத்தது

திருநெல்வேலியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பெல்ட் கிழிந்த பழைய ட்ரெட்மில் ஒன்று எடைக்குப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து நான்கு பொருள்களைக் கழற்றிக் கொண்டோம்.

1. மோட்டார். அதன் தட்டில் 180 வோல்ட் டி.சி., 6.5 ஆம்பியர், 1.25 எச்.பி., 4000 ஆர்.பி.எம். என்று இருந்தது.

2. வேகக் கட்டுப்பாட்டு போர்டு.

3. தடித்த இரும்புச் சட்டங்களுடன் கூடிய ஒரு சோக். ட்யூப்லைட் சோக்கின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. கைப்பிடியில் இருந்த, மேலும் கீழும் தள்ளும் வேகக் குமிழ். உள்ளே இருப்பது ரேடியோவில் உள்ளது போன்ற வால்யூம் கன்ட்ரோல்தான். மதிப்பு 5 கிலோ ஓம்.

இங்கே ஒரு குறிப்பு. ட்ரெட்மில் மோட்டாரில் எழுதியிருக்கும் எச்.பி. கணக்கை அப்படியே நம்பாதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். 180ஐ 6.5ஆல் பெருக்கினால் 1170 வாட். மோட்டார் இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். ஒரு எச்.பி. என்பது 746 வாட். இழப்புகளைக் கழித்தால் 1.25 எச்.பி. நியாயமான கணக்கு. அதே வோல்ட், ஆம்பியரைப் போட்டுவிட்டு 2.5 எச்.பி. என்று எழுதியிருந்தால் அது விளம்பரக் கணக்கு.

சோக்கை ஏன் விடாமல் எடுத்தோம்? போர்டிலிருந்து வரும் மின்சாரம் துண்டு துண்டாக வருகிறது. சோக் அதைச் சமப்படுத்தி மோட்டாருக்குக் கொடுக்கிறது. கனமாக இருக்கிறதே என்று அதைக் கடையிலேயே விட்டுவிட்டால் மோட்டார் உறுமும், சீக்கிரம் சூடாகும்.

பிளக்கில் மாட்டாமலே மோட்டாரைச் சோதிக்கலாம்

பழைய மோட்டார் வாங்கியதும் நேராக பிளக்கில் மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 180 வோல்ட் டி.சி. மோட்டாருக்கு வீட்டு ஏ.சி. மின்சாரம் நேரடியாக ஆகாது. மின்சாரமே இல்லாமல் பாதிச் சோதனையை முடித்துவிடலாம்.

முதலில், மோட்டாரின் இரண்டு தடித்த வயர்களையும் தனித்தனியாக விட்டு அச்சைக் கையால் சுற்றுங்கள். எளிதாகச் சுற்ற வேண்டும். இப்போது அந்த இரண்டு வயர்களையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். யாரோ பிரேக் பிடிப்பது போல இறுக வேண்டும். காரணம், கையால் சுற்றும்போது அது டைனமோ ஆகிவிடுகிறது. உண்டாகும் மின்சாரம் அந்த வயர் வழியாகவே ஓடித் திரும்பவும் மோட்டாரை எதிர்க்கிறது. இறுகினால் காந்தம், சுருள், கார்பன் மூன்றும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். இறுகவில்லையென்றால் முதலில் கார்பனைத்தான் பார்க்க வேண்டும். தேய்ந்து குட்டையாகிவிட்ட கார்பன் கம்யூட்டேட்டரைத் தொடாது.

அடுத்து மல்டிமீட்டர். தடித்த வயர்களுக்கிடையே சில ஓம்கள் காட்ட வேண்டும். எங்கள் மோட்டாரில் 2 ஓம் அளவில் இருந்தது. தடித்த வயருக்கும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த மோட்டாரை எடைக்கே திருப்பிப் போட்டுவிடுங்கள்.

இது போன்ற மோட்டார்களில் இரண்டு மெல்லிய வயர்களும் வெளியே வரும். அது என்ன என்று பலருக்கும் குழப்பம். பெரும்பாலும் அது உள்ளே இருக்கும் வெப்ப ஸ்விட்ச். மோட்டார் குளிர்ந்திருக்கும்போது இரண்டு வயரும் சேர்ந்திருக்கும், மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டும். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் பிரிந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும்.

கடைசியாக மாமாவின் பைக் பேட்டரியை ஃப்யூஸ் வைத்து மோட்டாரில் கொடுத்தோம். 180 வோல்ட்டில் 4000 சுற்று என்றால் 12 வோல்ட்டில் சுமார் 260 சுற்று வர வேண்டும். மோட்டார் நிதானமாக, சத்தமில்லாமல் சுற்றியது. மாமா முகத்தில் சிரிப்பு. மோட்டார் பாஸ்!

போர்டு எப்படி வேகத்தைக் குறைக்கிறது?

உங்கள் வீட்டு ஃபேனுக்கு இருக்கும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி வருகிறது. அதாவது விநாடிக்கு 100 அரை அலைகள். ரெகுலேட்டர் ஒவ்வொரு அரை அலையிலும் ஆரம்பப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் ஃபேனுக்கு அனுப்புகிறது. நிறைய வெட்டினால் வேகம் குறையும், கொஞ்சமாக வெட்டினால் வேகம் கூடும்.

எங்கள் போர்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. எஸ்.சி.ஆர். என்ற ஸ்விட்ச் அரை அலைகளை வெட்டுகிறது, டையோடுகள் அதை ஒரே திசைக்கு மாற்றுகின்றன. எதையும் வெட்டாமல் விட்டால் 230 வோல்ட் ஏ.சி.யிலிருந்து சராசரியாக 207 வோல்ட் டி.சி. கிடைக்கும். 180 வோல்ட் மோட்டாருக்கு இது பொருத்தம். எவ்வளவு வெட்டுவது என்று போர்டுக்குச் சொல்வதுதான் அந்த வால்யூம் கன்ட்ரோல்.

அதற்கு மூன்று முனைகள். மேல் முனை, கீழ் முனை, இரண்டுக்கும் நடுவே நகரும் நடு முனை. போர்டு மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே ஒரு சிறிய வோல்ட்டேஜ் கொடுக்கிறது. குமிழைத் தள்ளும்போது நடு முனையில் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. கீழே இருந்தால் பூஜ்யம், மேலே இருந்தால் முழு வேகம்.

சீரிஸ் பல்பு

பழைய போர்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது எலெக்ட்ரீஷியன்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. போர்டுக்குப் போகும் பேஸ் வயரின் நடுவே 100 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டுவார்கள். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், போர்டு வெடிக்காது. நல்ல போர்டு என்றால் பல்பு எரியாது, அல்லது மங்கலாக எரியும். டி.வி. மெக்கானிக் கடைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் போர்டில் பல்பு எரியவில்லை. போர்டிலிருந்த சிறிய விளக்கு எரிந்தது. ஷார்ட் எதுவும் இல்லை என்று முடிவு செய்து பல்பைக் கழற்றிவிட்டு நேரடியாக மின்சாரம் கொடுத்தேன். குமிழை மெதுவாக மேலே தள்ளினேன்.

மோட்டார் அசையவில்லை.

பிழை தேடும் படலம்

முதல் சந்தேகம், நான் மேலே சொன்ன மெல்லிய வயர்கள். போர்டில் அதற்கென்றே இரண்டு முனைகள் காலியாக இருந்தன. மோட்டார் சூடாகிவிட்டது என்று போர்டு நினைத்துக்கொண்டிருக்கும்! ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டையும் மாட்டினேன். மறுபடி ஆன் செய்தேன். அசையவில்லை.

இரண்டாவது சந்தேகம், குமிழ் இருக்கும் இடம். இது போன்ற போர்டுகளில் ஒரு பாதுகாப்பு விதி உண்டு. ஆன் செய்யும்போது குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் போர்டு மோட்டாரைக் கிளப்பாது. ட்ரெட்மில்லில் ஒருவர் ஏறி நிற்கும்போது அது திடீரென்று முழு வேகத்தில் ஓடிவிடக் கூடாது அல்லவா? குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஆன் செய்தேன். அப்போதும் அசையவில்லை.

மூன்றாவதாக, போர்டிலிருந்து குமிழுக்கு வோல்ட்டேஜ் வருகிறதா என்று பார்த்தேன். மீட்டரின் இரண்டு முனைகளையும் போர்டில் மேல் முனையிலும் கீழ் முனையிலும் வைத்தேன். 9 வோல்ட் டி.சி. காட்டியது. சரியாக இருக்கிறது. "அப்படியானால் குமிழ்தான் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டினேன். அதே நேரத்தில் நடு முனையையும் அளந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவசரத்தில் அளக்கவில்லை.

என் குறுக்கு வழி

என் பையில் ஒரு ஆர்டுயினோ போர்டு இருந்தது. புரோகிராம் எழுதி, யு.எஸ்.பி. கேபிள் வழியாக ஏற்றக்கூடிய சிறிய கன்ட்ரோலர் அது. என் யோசனை இதுதான். குமிழைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆர்டுயினோ தரும் 0 முதல் 5 வோல்ட் வரையிலான சிக்னலை நடு முனையில் கொடுக்கலாம். ஆன் ஆனவுடன் 0 வோல்ட் கொடுத்து போர்டை ஏமாற்றி, இரண்டு விநாடி கழித்து தானாகவே பாதி வேகத்திற்கு ஏற்றிவிடலாம். வேகத்தை லேப்டாப் திரையிலிருந்தே மாற்றலாம். பத்து நிமிடத்தில் புரோகிராம் தயார்.

குமிழின் வயர்களைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். ஆர்டுயினோவின் கிரவுண்ட் வயரின் கிளிப்பைக் கையில் எடுத்தேன். போர்டு ஆனில்தான் இருந்தது. '9 வோல்ட்தானே, ரேடியோ பேட்டரி அளவுதானே' என்ற நினைப்பு.

"மாப்ள, அதத் தொடுறதுக்கு முன்னாடி டெஸ்டர வச்சுப் பாத்தியா?"

"ஒன்பது வோல்ட்தான் மாமா. இப்பதான் அளந்தேன்."

மாமா பதில் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, நான் கிளிப் மாட்டப் போன அந்தக் கீழ் முனையில் வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த நியான் பல்பு பளிச்சென்று எரிந்தது.

என் கையிலிருந்த கிளிப்புக்கும் அந்த முனைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்திருக்கும்.

9 வோல்ட் எப்படி 230 வோல்ட் ஆனது?

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதன் இரண்டு கால்களுக்கும் இடையே வோல்ட்டேஜ் எதுவும் இல்லை. அதனால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அதே கம்பியை, தரையில் நிற்கும் நாம் தொட்டால்?

என் மீட்டர் அந்தக் காகம் போலத்தான் அளந்தது. மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே 9 வோல்ட் என்று சரியாகச் சொன்னது. ஆனால் தரைக்கும் அந்த முனைகளுக்கும் இடையே எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. இது போன்ற போர்டுகளில் டிரான்ஸ்பார்மர் வைத்து வீட்டு மின்சாரத்தைப் பிரிப்பதில்லை. செலவு மிச்சம். குமிழின் சுற்று நேரடியாக டையோடுகள் வழியாக பேஸ் வயரோடு சேர்ந்தே இருக்கிறது. ட்ரெட்மில்லில் குமிழ் பிளாஸ்டிக்கில் மூடியிருப்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. பிரித்து மேசையில் போட்டால் ஒவ்வொரு முனையும் உயிருள்ள வயர்தான்.

கிளிப்பை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

லேப்டாப் சார்ஜரில் மூன்று பின் பிளக் இருந்து, எர்த் லேப்டாப் வரை வந்திருந்தால், மின்சாரம் யு.எஸ்.பி. கேபிளின் கிரவுண்ட் வழியாக எர்த்துக்குப் பாய்ந்திருக்கும். ஆர்டுயினோ, யு.எஸ்.பி. போர்ட், மதர்போர்ட் எல்லாம் ஒரே நொடியில் காலி. மேசைக் கம்ப்யூட்டராக இருந்தாலும் இதே கதிதான். ஏனென்றால் யு.எஸ்.பி.யின் கிரவுண்ட் கேபினெட்டோடும், கேபினெட் எர்த்தோடும் சேர்ந்திருக்கின்றன.

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால்? அது இன்னும் மோசம். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது, திரையும் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் உலோகப் பாகங்கள் எல்லாம் வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்துவிடும். அன்று என் லேப்டாப்பில் சார்ஜர் மாட்டியிருக்கவில்லை. அது என் மடியில் இருந்தது. பட்டறையின் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். மேலே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சீரிஸ் பல்பைக் கழற்றாமல் வைத்திருந்தால் தப்பியிருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 100 வாட் பல்பு 0.4 ஆம்பியர் வரை விடும். வீடுகளில் உயிர் காக்க வைக்கும் ஆர்.சி.சி.பி. 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எது ஆபத்தான அளவு என்று இதிலிருந்தே தெரியும். சீரிஸ் பல்பு போர்டைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

உண்மையான பிழை

ஆர்டுயினோவைப் பைக்குள் போட்டேன். பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு டீ குடித்தேன். பிறகு முதலிலிருந்து, ஒழுங்காக ஆரம்பித்தேன்.

குமிழின் கேபிளில், போர்டில் சொருகும் முனையில் மீட்டரை வைத்தேன். மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே குமிழைத் தள்ளத் தள்ள 0 முதல் 5 கிலோ ஓம் வரை சீராக மாறியது. சரி. மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே எப்போதும் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எதுவும் காட்டவில்லை. இணைப்பே இல்லை!

அடுத்து அதே அளவைக் குமிழின் கால்களிலேயே வைத்து எடுத்தேன். 5 கிலோ ஓம். அப்படியானால் குமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. கேபிளுக்குள் கீழ் முனையின் வயர்தான் அறுந்திருக்கிறது. கைப்பிடிக் கம்பம் மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு மட்டும் முறிந்திருந்தது. பத்து ரூபாய் பெறாத வயர்!

இப்போது போர்டு ஏன் கிளம்பவில்லை என்று யோசித்துப் பாருங்கள். கீழ் முனை அறுந்துவிட்டால் நடு முனைக்குப் பூஜ்யம் என்பதே கிடையாது. குமிழ் எங்கே இருந்தாலும் மேல் முனையின் வோல்ட்டேஜ்தான் வரும். அதாவது போர்டின் கண்ணுக்கு, குமிழ் எப்போதும் முழு வேகத்தில் இருக்கிறது. "நீ பூஜ்யத்துக்கு வா, பிறகுதான் கிளம்புவேன்" என்று அது அடம்பிடித்திருக்கிறது. கெட்டுப்போனதாக நான் நினைத்த போர்டு, தன் வேலையைத்தான் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

வயரை மாற்றினேன். குமிழைக் கீழே வைத்து ஆன் செய்தேன். மெல்ல மேலே தள்ள, மோட்டார் ஊர்ந்து, நடந்து, ஓடியது.

என் புரோகிராமில் இருந்த இன்னொரு ஆபத்து அப்போதுதான் உறைத்தது. ஊரில் மின்சாரம் போவதும் வருவதும் சகஜம். மின்சாரம் போனதும் மாமா கட்டையைக் கழற்றக் கை வைத்திருப்பார். அந்த நேரம் மின்சாரம் திரும்பி வந்தால், என் புரோகிராம் இரண்டே விநாடியில் மெஷினைத் தானாகக் கிளப்பியிருக்கும். பழைய போர்டு அப்படிச் செய்யாது. குமிழ் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்கும். நான் ஏமாற்ற நினைத்தது மாமாவின் விரல்களைக் காக்கும் விதியைத்தான்.

மெஷினில் மாட்டியபோது கவனித்தவை

மோட்டாரில் சிறிய புல்லி, மெஷினில் அதைப்போல் மூன்று மடங்கு பெரிய புல்லி. இதனால் அதிகபட்ச வேகம் 1300 சுற்று அளவுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து கீழே எந்த வேகமும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மிகக் குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. மோட்டாரோடு சேர்ந்த காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு தணியாது.

சுழலும் திசையை மாற்றாதீர்கள். இரண்டு வயரை மாற்றிப் போட்டால் டி.சி. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் பல ட்ரெட்மில் மோட்டார்களில் கனமான ஃப்ளைவீல் மரையில்தான் திருகப்பட்டிருக்கிறது. எதிர்த்திசையில் ஓட்டினால் அது கழன்று பறக்கலாம். எந்தத் திசையில் மோட்டாரை வைத்தால் மெஷின் சரியாகச் சுற்றும் என்று பார்த்து, மோட்டாரைத்தான் இடம் மாற்றினோம்.

போர்டை மூடிய பெட்டிக்குள் வைத்தோம். குமிழுக்குப் பிளாஸ்டிக் பிடி. மோட்டாரின் உடம்பு, மெஷினின் இரும்புச் சட்டம் இரண்டுக்கும் எர்த் கொடுத்தோம். கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிற எமர்ஜென்சி ஸ்விட்ச். மரத்தூள் மோட்டாருக்குள் போனால் கார்பனின் தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் மோட்டாரைத் தூள் விழாத பக்கமாக வைத்து, வாரம் ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். இறுதி வயரிங்கை உள்ளூர் எலெக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கட்டையை ஏற்றினோம்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம்

கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்கிறதே, அதற்கு என்ன காரணம்? உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள், பேஸ் வயரிலிருந்தும் நியூட்ரல் வயரிலிருந்தும் கேபினெட்டுக்கு இரண்டு சிறிய கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. மின் இரைச்சலைத் தரைக்கு அனுப்புவது அவற்றின் வேலை. பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் பாதி வோல்ட்டேஜில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். பாயும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் 'சுர்' என்பதோடு நிற்கிறது. ஆனால் அது ஒரு செய்தி. "இந்த வீட்டில் எனக்கு எர்த் இல்லை" என்று கம்ப்யூட்டர் உங்களிடம் சொல்கிறது. நாளை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஏதாவது பழுதாகி கேபினெட்டுக்கு முழு மின்சாரம் வந்தால், அது போக வழி இருக்காது, உங்கள் கையைத் தவிர.

பிரிண்டர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றையும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் மாட்டி யு.எஸ்.பி. கேபிளால் இணைக்கும்போது, ஒன்றுக்கு எர்த் இருந்து மற்றொன்றுக்கு இல்லையென்றால் அந்த வித்தியாசம் கேபிள் வழியாகத்தான் ஓடும். காரணமே தெரியாமல் போர்ட்டுகள் பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பிளக்கின் மேலே உள்ள தடித்த, நீளமான பின்தான் எர்த். அதை உடைத்தோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ கம்ப்யூட்டரை மாட்டியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

2. எலெக்ட்ரீஷியனை அழைத்து கம்ப்யூட்டர் பாயிண்டை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் மட்டும் இருக்க வேண்டும்.

3. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

4. வீட்டு மின்சாரத்தில் ஓடும் எந்தப் பழைய போர்டையும் கம்ப்யூட்டரோடு நேரடியாக இணைக்காதீர்கள். இணைத்தே ஆக வேண்டும் என்றால் ஆப்டோகப்ளர் வைத்துப் பிரிக்க வேண்டும். அதில் சிக்னல் வயர் வழியாகப் போகாது, வெளிச்சமாகப் போகும். இதை அனுபவம் உள்ளவர் துணையோடு மட்டும் செய்யுங்கள்.

5. பழுது பார்க்கும்போது கடினமான காரணத்தைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? மதர்போர்டைக் குறை சொல்லும் முன் பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மாமாவின் பட்டறையில் இப்போது பத்து அங்குல மரத் தட்டுகள் நிதானமான வேகத்தில் உருவாகிக்கொண்டிருக்கின்றன. நான் சென்னைக்குக் கிளம்பும்போது அவர் தன் டெஸ்டரை என் சட்டைப் பையில் சொருகிவிட்டார். "லேப்டாப் பைல வச்சுக்கோ" என்றார். வைத்திருக்கிறேன். நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள்.